அவலரக்கு ஒரு பை: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

பழைய மேசைக்கு அரக்குப் பாலிஷ் பூசி முடித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. காய்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் ராத்திரி ஒரு தடித்த நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எடுக்கப் போனால் நோட்டு வரவில்லை. கொஞ்சம் பலம் கொடுத்து இழுத்ததும் 'சர்ர்' என்று பிய்த்துக்கொண்டு வந்தது. அட்டையில் ஒட்டியிருந்த துணியின் நெசவு, குறுக்கும் நெடுக்குமாக, ஓர் இழை விடாமல் மேசையில் பதிந்திருந்தது. பக்கத்திலேயே என் கட்டைவிரல் ரேகை. கைநாட்டு வைத்த மாதிரி.

இந்த விமர்சனம் அந்த நோட்டை ஒட்டவைத்த புட்டியைப் பற்றியது அல்ல. அதற்குப் பிறகு வாங்கிய அரைக் கிலோ அவலரக்குப் பையை, அதாவது செதிலாக வரும் அரக்கைப் பற்றியது. ஆனால் புட்டியின் கதையைச் சொல்லாவிட்டால் பைக்கு ஏன் நாலு நட்சத்திரம் என்பது புரியாது.

நான் தச்சன் இல்லை. பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பியூரெட் கழுவுவது, கரைசல் தயாரிப்பது, புட்டிகளுக்குத் தேதி எழுதி ஒட்டுவது, இதுதான் இருபது வருஷமாக வேலை. மரவேலை ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். மேசை அப்பாவுடையது. மூன்று இழுப்பறை, மேலே சரிவான எழுதுபலகை. பழைய பாலிஷ் கறுத்து, இடப்பக்கம் முழுக்க முதலைத் தோல் போல வெடித்துக் கிடந்தது. எந்தப் பாலிஷ் என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது என்பதால், அடிப்பக்கத்தில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டு வைத்தேன். சில நொடியில் பிசுபிசுத்தது. ஆல்கஹாலுக்கு இளகினால் பெரும்பாலும் அரக்கு. சரி, அப்பா காலத்தில் போட்டதையே திரும்பப் போடுவோம் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் அந்தப் புட்டியை வாங்கினேன். கரைத்தே வரும், திறந்து பூச வேண்டியதுதான். லேபிளில் எல்லாம் இருந்தது: எத்தனை சதுர அடிக்கு வரும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், பளபளப்பு தலைமுறை தாண்டும். இல்லாதது ஒன்றே ஒன்று, தயாரித்த தேதி. தினமும் புட்டிக்குத் தேதி எழுதி ஒட்டுகிற நான் அதைப் பார்க்காமல் வாங்கியதற்கு என்னை நானே ஒரு குட்டு குட்டிக்கொள்ள வேண்டும்.

நோட்டு ஒட்டிய அன்று லேபிளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "நல்லா குலுக்கிட்டு அடிங்க சார்" என்றார்கள். குலுக்கினால் அரக்கில் காற்றுக்குமிழி ஏறும். பிரஷ் வழியாக அது மரத்தில் இறங்கி ஊசித் துளைகளாக நிற்கும். ஒரு நோய்க்கு மருந்து கேட்டால் இன்னொரு நோயை எழுதித் தந்தார்கள். நிறுவனத்தின் பெயர் எதற்கு? தேதி போடாத புட்டி எது கண்ணில் பட்டாலும் அதுதான் இது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அரக்கு என்பது பூச்சி சுரக்கிற பிசின். மரக்கிளையைச் சுற்றி மொய்க்கும் சின்னஞ்சிறு அரக்குப் பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுத் தன்மேல் கட்டிக்கொள்ளும் கூடு அது. கிளையோடு எடுத்தால் கொம்பரக்கு. சுத்தம் செய்து, இளக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. அவல் மாதிரி தட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். இப்போது எல்லாரும் ஷெல்லாக் என்கிறார்கள், நானும் கடையில் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் அவலரக்கு என்று சொல்லும்போதுதான் பொருள் கண்முன் வருகிறது. அதில் அலூரிடிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் இருக்கின்றன. அமிலத்தையும் ஆல்கஹாலையும் ஒரே புட்டியில் மாதக்கணக்கில் குடிவைத்தால் என்ன ஆகும்? பன்னிரண்டாம் வகுப்புப் பையனைக் கேட்டாலே எஸ்டர் என்பான். மெதுவாக நடக்கிற வினை, ஆனால் நிற்காது. எஸ்டர் ஏற ஏற, பூசிய படலம் கெட்டிப்படுகிற குணம் போய்விடும். ஆல்கஹால் ஆவியாகிவிடும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ரப்பராகவே கிடக்கும். பதினோரு நாள் இல்லை, பதினோரு மாதம் ஆனாலும் அப்படித்தான்.

ஆகவே காயாத அரக்குக்கு வெயில், மின்விசிறி, பொறுமை எதுவும் மருந்து கிடையாது. மேலே புதிதாக ஒரு கோட் அடித்தாலும் உதவாது. அடியில் மெத்தை, மேலே கண்ணாடி, கொஞ்ச நாளில் வெடிப்பு. வழித்து எடுப்பதுதான் வழி. அரக்கில் அதுவும் சுலபம்: ஆல்கஹாலில் நனைத்த பழைய துணியை விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, பத்து நிமிஷம் விட்டால் கூழாகிவிடும். அரைமணி நேரத்தில் மேசை மரமாகிவிட்டது. வேறு எந்த வார்னிஷாக இருந்தாலும் அந்த ஞாயிறு முழுக்க உப்புத்தாளோடு போயிருக்கும்.

சரி, பைக்கு வருவோம்.

மெழுகு நீக்கிய, வெளிர்நிறச் செதில். பையைத் திறந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகள் போல, வெளிச்சத்தில் தேன் நிறத்தில் இருந்தது. விரலில் வைத்து மடித்தால் 'டிக்' என்று ஒடிந்தது. இது நல்ல அறிகுறி. செதிலும் கெடும், கரைசலைவிட மெதுவாக. சூடும் ஈரமும் பட்டால் தமக்குள்ளேயே பிணைந்து கட்டியாகும். அப்புறம் ஆல்கஹாலில் போட்டாலும் முழுதாகக் கரையாமல், ஊறவைத்த சப்ஜா விதை மாதிரி கொழகொழவென்று மிதக்கும். வெளுப்பேற்றிய அரக்கு இதில் இன்னும் சீக்கிரம். என் பையின் பின்பக்கம் பொட்டலமிட்ட மாதமும் வருஷமும் அச்சாகியிருந்தன. நாலு நட்சத்திரத்தில் ஒன்று அந்த ஒரு வரிக்கே.

போன நட்சத்திரம் எங்கே போனது என்றால், உள்ளே இருந்த துண்டுச் சீட்டில். 'இரண்டு பவுண்ட் கட் தயாரித்துப் பூசவும்' என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கட் என்றால் என்ன, எந்த ஊர் காலன், ஒரு சொல் கிடையாது. நான் சொல்கிறேன்: ஒரு அமெரிக்க காலன் ஆல்கஹாலுக்கு எத்தனை பவுண்ட் செதில் என்பதுதான் கட். காலன் 3.785 லிட்டர், பவுண்ட் 454 கிராம். கணக்குப் போட்டால் ஒரு பவுண்ட் கட் என்பது லிட்டருக்கு 120 கிராம். இரண்டு பவுண்ட் கட்டுக்கு 240. அரை லிட்டருக்கு 120 கிராம் நிறுத்துப் போட்டால் முடிந்தது. இதை அந்தச் சீட்டிலேயே ஒரு வரியில் எழுதியிருக்கலாம். பையின் வாயும் ஒருமுறை கிழித்தால் திரும்ப மூடாது. ஈரம் ஆகாத பொருளை ஈரம் புகுகிற பையில் தருவது என்ன நியாயம்? நான் மூடி இறுகும் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டேன்.

கரைப்பதில் அவசரம் கூடாது. முதல் தடவை செதிலை அப்படியே கொட்டி ஆல்கஹால் ஊற்றிவிட்டுப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் அடியில் ஒரே அடையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிளற ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் தடவை செதிலைப் பொடித்துப் போட்டு, முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புட்டியை மெல்லச் சாய்த்துச் சாய்த்து வைத்தேன். மாலைக்குள் கரைந்துவிட்டது. மெல்லிய துணியில் வடிகட்டியபோது கையில் மிஞ்சியது ஒரு சிட்டிகைக் கசடு. இந்தத் தரத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

கரைத்தது கண்ணாடி ஜாடியில் இருக்க வேண்டும். மூடிக்கும் கவனம் வேண்டும். அரக்கின் அமிலம் இரும்பைத் தொட்டால் நிறம் கறுக்கும். நான் முதலில் பயன்படுத்திய ஜாடியின் தகர மூடி உள்பக்கம் இரண்டே வாரத்தில் காபிக்கறை மாதிரி ஆகி, மேலே நின்ற கரைசலும் மங்கிவிட்டது. பிளாஸ்டிக் மூடிக்கு மாறினேன்.

பூசுவதற்கு முன் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு. இதைச் செய்யாமல் இனி நான் அரக்கைத் தொடப்போவதில்லை. சொட்டை விரலால் இழுத்துப் பரப்பி, மறுநாள் நகத்தால் கீற வேண்டும். நல்ல அரக்கு என்றால் நகம் வழுக்கும், அல்லது படலம் பொடியாக உதிரும். நகம் பள்ளம் பறித்துக்கொண்டு இறங்கினால் அந்தக் கரைசலைத் தூக்கிப் போடலாம். என் கரைசலில் நகம் வழுக்கியது. மிச்சம் இருந்த அந்தப் பழைய புட்டியிலிருந்தும் ஒரு சொட்டு பக்கத்திலேயே வைத்தேன், வன்மம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதில் நகம் களிமண்ணில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

பொருள் நல்லது என்று நிரூபணமாகிவிட்டது. இனி வந்த எல்லாப் பிரச்சினையும் என்னுடையது.

முதல் கோட்டில் பிரஷ் தடம். உழுத வயல் மாதிரி வரிவரியாக நின்றது. அரக்கில் ஆல்கஹால் ஆவியாகும் வேகத்துக்கு, பூசிய இடத்துக்குத் திரும்பிப் போய் 'ஒரு இழுப்பு' இழுக்க நேரமே கிடையாது. எனாமல் பெயிண்ட் அடித்துப் பழகிய கை சும்மா இருக்காது, திரும்பத் திரும்ப வருடும். பாதி இளகிய படலத்தை பிரஷ் வாரிக்கொண்டு போகும். இரண்டு மாற்றம் செய்தேன். கரைசலில் பாதிக்குப் பாதி ஆல்கஹால் சேர்த்து ஒரு பவுண்ட் கட்டாக இறக்கினேன். அப்புறம், ஒரு பட்டை, அடுத்த பட்டை, திரும்பிப் பார்க்காமல் நடப்பது. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் தொடுவதில்லை. அடுத்த கோட் பார்த்துக்கொள்ளும். அரைமணி, ஒரு மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம்; புதிய கோட்டின் ஆல்கஹால் பழைய கோட்டின் மேற்பரப்பை இளக்கி இரண்டும் ஒன்றாகிவிடும். பழைய வரிகளை மட்டும் மறுநாள் 320 எண் உப்புத்தாளால் தட்டையாக்கினேன். அதே நாளில் தேய்த்தால் தாளில் சின்னச் சின்ன உருண்டையாக அடைத்துக்கொண்டு, அந்த உருண்டையே மேசையைக் கீறும்.

ஓரத்தில் இரண்டு இடத்தில் வழிந்திருந்தது. வழிந்ததை ஈரத்தில் தொட்டால் காயம் பெரிதாகும். காயவிட்டு, சவர பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் மெல்லிய சுருளாக வந்துவிடும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நிறையச் சொல்ல வேண்டியது பனி மூட்டத்தைப் பற்றி. மூன்றாவது கோட் ஒரு மழை மாலையில் போட்டேன். மழை விட்டு, ஜன்னல் திறந்து, காற்று சில்லென்று வந்தது. பூச இதமாக இருந்தது. கடைசிப் பட்டையை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது முதல் பட்டை வெளுக்க ஆரம்பித்திருந்தது. குளிர்ந்த கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் வருமே, அந்த வெள்ளை. வலது மூலையில் உள்ளங்கை அளவு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவுக்கு நகர்ந்தது. துடைத்தேன், போகவில்லை. போகாது, அது மேலே இல்லை, உள்ளே இருக்கிறது.

ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஊசி போடுவதற்கு முன் கையில் பஞ்சு தடவும்போது ஜில்லென்று இருப்பது அதனால்தான். அறைக்காற்றில் ஈரம் நிறைய இருந்தால், குளிர்ந்த அந்தப் படலத்தில் காற்றின் ஈரம் நுண்துளியாகப் படியும். தண்ணீரில் அரக்கு கரையாது. ஆகவே அந்த இடத்தில் அரக்கு பொடிப்பொடியாகப் பிரிந்து வெள்ளையாகத் தெரியும். இதற்கு இன்னொரு வாசலும் உண்டு: ஆல்கஹாலிலேயே தண்ணீர் இருந்தாலும் இப்படி ஆகும். ஆய்வகத்தில் புழங்கும் ரெக்டிஃபைட் ஸ்பிரிட் 95 சதவீதம்தான், மீதி தண்ணீர். (அங்கிருந்து எடுத்தேனா என்று கேட்காதீர்கள், இல்லை.) நான் வாங்கியது 99 சதவீதத்துக்கு மேல், ஆனால் கரைக்கும்போது மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். சுத்த ஆல்கஹால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஐந்து வகுப்பு மாணவர்களுக்கு வருஷா வருஷம் 'மூடி வை, மூடி வை' என்று கத்துகிறவன் நான்.

வழித்து எடுக்க வேண்டுமோ என்று ஒரு ராத்திரி தூக்கம் போயிற்று. எதிர்வீட்டுப் பெரியவர் ஐம்பது வருஷம் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போட்டவர். இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது, விரல் நுனியால்தான் பார்ப்பார். மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

"என்ன தம்பி, பூத்துப் போச்சா?" என்றார். தடவிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்படி ஐயா தெரிஞ்சுது?"

"நேத்து மழையில நீ ஜன்னலத் திறந்து வச்சது எனக்கு வாசனை வந்துச்சே. வெயில் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு ஒண்ணும் பண்ணாத."

வெயில் மூன்று நாள் கழித்து வந்தது. பகல் பதினோரு மணிக்கு, பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து கட்டிய பொட்டணத்தில் வெறும் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, உள்ளங்கையில் தட்டிப் பார்க்கச் சொன்னார். கையில் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. அந்தப் பதத்தில், வெளுத்த இடத்தின்மேல் மரத்தின் ஓட்டத்தோடு ஒரே ஒரு வீச்சு. வெள்ளை கண்முன்னே உருகி, அடியில் மரம் எழுந்து வந்தது. ஸ்லேட்டை ஈரத்துணியால் துடைத்தால் கறுப்பு தெரியுமே, அது போல. படலத்தை ஆல்கஹால் ஒரு கணம் இளக்குகிறது, சிக்கிய ஈரம் வெளியேறுகிறது, மறுபடி மூடிக்கொள்கிறது. அவசரப்பட்டு இன்னொரு வீச்சு போட்ட இடத்தில் மட்டும் படலம் சுருங்கிவிட்டது. அங்கே இரண்டு மணி நேரம் காயவிட்டு மறுபடி செய்தோம். ஆழமாக இறங்கியிருந்த ஒரு மூலை மட்டும் இதற்கு மசியவில்லை. லேசாகத் தேய்த்துவிட்டுப் புதுக் கோட் போட்டேன்.

இந்த ஒரு குணத்துக்காகத்தான் அரக்கை நான் மற்ற எதற்கும் மாற்றமாட்டேன். பாலியுரித்தேன் வார்னிஷில் இப்படி ஒரு தப்பு நடந்தால் கல்லில் வெட்டிய மாதிரிதான்.

பாலியுரித்தேன் என்றதும் இழுப்பறை நினைவுக்கு வருகிறது. மூன்று இழுப்பறை முகப்பும் கை நிறையப் படும் இடம் என்பதால் அங்கே அதையே போடலாம் என்று முன்பே முயன்றிருந்தேன். பூசிய வேகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக விலகி நின்றது. என்றைக்கோ யாரோ சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரே பாலிஷ் அடித்துத் துடைத்திருக்கிறார்கள். அது மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பூசுகிற எதையும் தள்ளுகிறது. வழித்துவிட்டு, கனிமத் தின்னர் (மினரல் ஸ்பிரிட்) தொட்ட துணியால், ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி, நாலைந்து தடவை துடைத்தேன். அதன்மேல் இந்த அரக்கை மெல்லிசாக இரண்டு கோட். சிலிக்கோனை அரக்கு உள்ளேயே பூட்டிவிடும். அதற்கு மேலே பாலியுரித்தேன் ஒரு தழும்பு இல்லாமல் உட்கார்ந்தது. இங்கேதான் மெழுகு நீக்கிய செதில் என்பது பயன்படுகிறது. சாதாரண அரக்கில் ஐந்து சதவீதம் அளவுக்கு மெழுகு இருக்கும். அதன்மேல் பாலியுரித்தேன் சரியாகப் பிடிக்காமல் பிறகு உரியும். அரக்கின்மேல் அரக்கு மட்டும்தான் என்றால் மெழுகு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசிப் பகுதி எழுதுபலகை. அதற்கு பிரஷ் வேண்டாம், பொட்டணத்திலேயே பிரெஞ்சு பாலிஷ் ஏற்றலாம் என்று பெரியவர் சொன்னார். சொன்னதோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பொட்டணத்துக்குள் கரைசலை ஊற்றிப் பிழிந்து, வெளியே ஒரு துளி எண்ணெய் தொட்டு, முதலில் வட்டம், அப்புறம் '8' வடிவம், கடைசியில் நேர்கோடு. கை பலகையில் இறங்கும்போதும் ஏறும்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறேழு வட்டம் போவதற்குள் செல்போன் அடித்தது. அரை நொடி கை நின்றது. 'பச்' என்று ஒரு சத்தம். தூக்கினால் பொட்டணத்தின் நெசவு பலகையில், ஒரு ரூபாய் அளவுக்குப் படலம் பொட்டணத்தில்.

"நின்னுட்டியா?" என்றார் பெரியவர். சத்தம் போதும் அவருக்கு.

"போன் ஐயா."

"இப்போ அதத் தடவித் தடவிச் சரி பண்ணணும்னு தோணும். பண்ணாத. விட்டுட்டு எந்திரி."

சரிசெய்யத் தோன்றத்தான் செய்தது. இளகிய இடத்தில் மறுபடி பொட்டணம் போனால் பிய்வது இன்னும் பெரிதாகும். மறுநாள் வரை விட்டேன். கெட்டிப்பட்டதும் 400 உப்புத்தாளில் ஒரு துளி எண்ணெய் விட்டு ஓரங்களை மழுக்கினேன். பள்ளத்தில் மட்டும் மெல்லிய பிரஷால் துளித்துளியாக நிரப்பி, அதுவும் காய்ந்த பிறகு தட்டையாக்கி, மறுபடி பொட்டணம். இப்போது வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

பொட்டணம் இழுக்கிறது, கனக்கிறது என்று கை உணர்ந்தாலே அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். இழுக்கிறதே என்று எண்ணெயைக் கூட்டினால் அந்த நேரத்துக்கு வழவழவென்று போகும்; பிறகு வட்டியோடு வரும். எனக்கு வந்தது. பலகை அன்று கண்ணாடியாக மின்னியது. நாலு நாளில் வியர்த்த நெற்றி மாதிரி மங்கல். விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. படலத்துக்குள் சிக்கிய எண்ணெய் மெல்ல மேலே வருகிறது. இதற்கும் அதே மருந்துதான்: புதுத் துணியில் பொட்டணம், ஆல்கஹால் மிகக் குறைவாக, காற்றில் தடவுகிற மாதிரி வீசிக்கொண்டே போவது. எண்ணெய் துணிக்கு வந்துவிடும். இரண்டு நாள் இடைவெளியில் மூன்று தடவை செய்தேன். வேலை இல்லாத நேரத்தில் பொட்டணத்தை மூடி இறுகும் டப்பாவில் போட்டுவைத்தால் காயாமல் இருக்கும். காய்ந்து கட்டையான பிரஷை எறிய வேண்டாம், ஆல்கஹாலில் ஊறவைத்தால் மறுநாள் எழுந்துவிடும்.

அரக்கு மாளிகைக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் இங்கே முதலில் பற்றுவது ஆல்கஹாலின் ஆவி. சாதாரண அறைச் சூட்டிலேயே பற்றக்கூடியது. அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் அந்த அறையில் கூடாது. மெத்தனால் கலந்த ஸ்பிரிட் மலிவாகக் கிடைக்கும்; அதன் ஆவி கண்ணுக்கும் நரம்புக்கும் கேடு, தோல் வழியாகவும் உள்ளே போகும். எத்தனால்தான் நல்லது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

யார் வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசைக்கு இது வேண்டாம். 75 டிகிரி செல்சியஸ் வாக்கில் அரக்கு இளகிவிடும். சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம். ஈர டம்ளர் இரவு முழுக்க இருந்தால் இன்னொரு வட்டம். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால் பாலிஷ் துணியோடு வந்துவிடும். இந்த வட்டங்களையும் அந்த ஈரம் தெரியாத பொட்டணத்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம்தான். ஆனால் தினமும் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? எழுதுமேசை, அலமாரி, படச்சட்டம், இசைக்கருவி என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது பையில் மாதம் அச்சாகியிருக்கிறதா, செதில் ஒடிகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். கட்டியாகச் சேர்ந்திருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம்.

அரைக் கிலோ பையில் பாதிகூடச் செலவாகவில்லை. நாலு கோட் மேசை, இழுப்பறைகள், சோதனைக்குப் போன பலகைத் துண்டுகள் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிறம் மரத்தை மஞ்சளாக்கவில்லை, லேசான தேன் சாயல் மட்டும். கரைத்ததில் மிச்சம் இருந்த முக்கால் ஜாடிக்கு, வேலைப்புத்தி, தேதி எழுதி ஒட்டியிருந்தேன். கரைசலுக்கு ஆறு மாதம் என்று நானே ஒரு கெடு வைத்திருக்கிறேன். நேற்றோடு அது முடிந்தது. ராத்திரி கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இழுத்துவிட்டுப் படுத்தேன். இதை எழுத உட்காரும் முன் கீறிப் பார்த்தேன். நகம் வழுக்கத்தான் செய்கிறது, ஆனால் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. அப்பாவின் மேசைக்கு இனி இதைத் தொடமாட்டேன். பள்ளியில் ஸ்டூல்கள் நாலைந்து பாலிஷ் போய்க் கிடக்கின்றன. இந்த வாரமே அதற்குத் தீர்த்துவிட்டு, அடுத்ததற்குப் புதிதாக 120 கிராம் நிறுக்க வேண்டும்.